நகைக்கு இன்னும் மூன்று இலட்சம் தருகிறார்களாம், எடுக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். இரண்டு பிள்ளைகள். கனடாவில் இருக்கும் கணவரின் அக்கா குடும்பம் 2023இலிருந்து ஒவ்வொரு ஓகஸ்ட்டிலும் ஊருக்கு வருகிறது. அவர்கள் திரும்பும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு நாங்களும் கொழும்புக்குப் போய், மூன்று நாள் சேர்ந்து சுற்றிவிட்டு விமானம் ஏற்றி அனுப்புவோம். வான், தங்குமிடம், சாப்பாடு, தாமரைக் கோபுர டிக்கெட் எல்லாம் எங்கள் செலவு. பில் வந்தால் கணவர்தான் முதலில் கை நீட்டுவார். முதல் வருடம் என் நான்கு பவுண் தாலிக்கொடியையும் அம்மா போட்ட இரண்டு பவுண் காப்பையும் வங்கியில் ஈடு வைத்து 200,000 ரூபாய் எடுத்தோம். அடுத்த வருடம் திருப்பி வைத்து 180,000, போன வருடம் மறுபடி வைத்து 210,000 கூட எடுத்தோம். வட்டியும் அதிலேயே சேர்ந்துகொண்டு போகிறது. சம்பளத்தில் மாதம் 15,000 மிச்சம் பிடிக்கலாம், பிடித்ததை ஓகஸ்ட் விழுங்கிவிடுகிறது. தங்க விலை கூடியதால் அதே நகைக்கு இன்னும் 3 இலட்சம் தரலாம் என்கிறார் வங்கி அலுவலர். கணவரின் கடனட்டையில் வட்டியில்லாத் தவணைத் திட்டமும் இருக்கிறது. இந்த வருடப் பயணத்துக்கு எது நல்லது? போன வருடச் சாப்பாட்டு பில் ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: டீச்சர், இரண்டும் வேண்டாம்.

கடனட்டை வட்டி கூட, அடகு வட்டி குறைய என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சிக்கனமாக இருங்கள் என்று பாடம் நடத்தவும் தேவையில்லை. இரண்டு சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு மாதம் 15,000 மிச்சம் பிடிக்கிறவருக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? என்னைக் கவலைப்பட வைப்பது ஒரே ஒரு பழக்கம். நகையை மீட்காமலே, வருடாவருடம் அதன் மேல் கூட எடுத்துக்கொண்டு போகிறீர்கள்.

உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டி வருடத்துக்கு வருடம் மாறியிருக்கும், சுலபத்துக்காக 14 வீதம் என்று வைத்துக்கொள்வோம். 2023இல் எடுத்தது 200,000. ஒரு வருட வட்டி 28,000, அதோடு புதிதாக எடுத்த 180,000, ஆக 2024இல் 408,000. அதற்கு வட்டி 57,000, புதிதாக 210,000. போன ஓகஸ்ட்டில் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது உங்கள் கடன் 675,000. இந்த ஓகஸ்ட்டில் ஒரு ரூபாய்கூடப் புதிதாக எடுக்காவிட்டாலும் வட்டி 94,500 ஏறி, ஏறத்தாழ 770,000 ஆகிவிடும். அலுவலர் சொல்லும் 3 இலட்சத்தையும் எடுத்தால் பத்து இலட்சத்தைத் தாண்டும். அப்புறம் வட்டி மட்டுமே மாதம் 12,500. நீங்கள் பாடுபட்டு மிச்சம் பிடிக்கும் 15,000 வட்டிக்கே சரி.

‘கூட எடுக்கலாம்’ என்று அலுவலர் சொல்வது தங்க விலையைப் பார்த்து. உங்கள் சம்பளத்தை அவர் பார்க்கவில்லை. விலை ஏறினால் உங்கள் நகையின் பெறுமதி ஏறும், உண்மைதான். ஆனால் அந்தப் பெறுமதியைக் கடனாக எடுத்துச் செலவழித்துவிட்டால் ஏறியதெல்லாம் வங்கிக்கே திரும்புகிறது. விலை இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். 2013இல் உலகச் சந்தையில் தங்கம் சடாரென்று இறங்கியபோது, எடுத்த கடன் நகையின் விலையை நெருங்கிவிட்டதால் மீட்காமல் கைவிட்டவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். வங்கிகளும் அடகில் பெரும் நட்டம் கண்டன. நகைகள் ஏலத்துக்குப் போயின. உங்கள் தாலிக்கொடிக்கு அந்த நிலை வரவேண்டாம் என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இணைத்திருந்த பில்லுக்கு வருவோம். கொழும்பில் ஒன்பது பேர், ஒரு இரவுச் சாப்பாடு, நண்டும் இறாலும். விலைப்பட்டியலின்படி கூட்டினால் 64,000. அதன் மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், 70,400. அதன் மேல் 18 வீதம் வற் வரி, 83,000க்கு மேல். 2024 ஜனவரியில் வற் 15இலிருந்து 18 வீதமானது. பெரிய உணவகங்களின் விலைப்பட்டியலில் அடியிலே சின்ன எழுத்தில் ‘வரியும் சேவைக் கட்டணமும் தனி’ என்று போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டிருந்தால், பட்டியலில் உள்ள விலையை மனதுக்குள் 1.3ஆல் பெருக்கிவிட்டுத்தான் ஓடர் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மேசையில் 19,000 ரூபாய் வாயில் வைக்காத சாப்பாட்டுக்குப் போயிருக்கிறது. மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழ்கிறவர்கள் நண்டுக்குக் கொழும்பில் போய் இந்த விலை கொடுக்கத் தேவையே இல்லை.

தாமரைக் கோபுரத்துக்கும் எல்லோருக்கும் நீங்களே டிக்கெட் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறந்த நாளிலிருந்தே அங்கே உள்ளூர்க்காரருக்கு ரூபாயில் ஒரு விலை, வெளிநாட்டுக்காரருக்கு டொலரில் ஒரு விலை. திறந்தபோது வெளிநாட்டுக்காரருக்குத் தலைக்கு 20 டொலர். அந்தக் கணக்கில் மச்சாள் வீட்டு நால்வருக்கும் 80 டொலர், 24,000 ரூபாய் அளவில். கனேடியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கான கட்டணத்தை, களுவாஞ்சிகுடி டீச்சரின் தாலிக்கொடியை ஈடு வைத்துக் கட்டியிருக்கிறீர்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மச்சாளைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு இது தெரியுமா? பில் வந்ததும் உங்கள் கணவர்தான் முதலில் கை நீட்டுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடமாக அதைப் பார்க்கிறவருக்கு ‘தம்பிக்கு வசதி வந்துவிட்டது’ என்றுதான் தோன்றும். 83,000 ரூபாய் கனேடிய டொலரில் 380 அளவில் வரும். உழைக்கும் இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அது தாங்கக்கூடிய செலவு. உங்களுக்கு அது ஒரு மாதச் சம்பளம், ஒரே இரவில்.

ஆகவே இதைச் சொல்ல வேண்டும். உங்கள் வாயால் வேண்டாம். அது உங்கள் கணவரின் அக்கா, கணவர்தான் பேச வேண்டும். வந்து இறங்கிய பிறகு சொன்னால் எல்லோருக்கும் சங்கடம், அவர்கள் விமான டிக்கெட் போடும் முன்பே தொலைபேசியில் பேசட்டும். ‘அக்கா, ஊரில நிக்கிற வரைக்கும் எல்லாம் எங்கட பொறுப்பு. கொழும்புச் செலவு இந்த முறை எங்களால ஏலாது, நகை ஈட்டில கிடக்கு.’ இவ்வளவு போதும். நீட்டி விளக்கப் போனால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும், ‘பரவாயில்லை, இந்த ஒருதரம்’ என்று கணவரே இறங்கிவிடுவார். ஊரிலே நன்றாகவே கவனியுங்கள். மாமியின் கையால் புட்டும் மீன்குழம்பும், ஒரு நாள் பாசிக்குடா, ஒரு மாலை கல்லடிப் பாலம், 1628இல் போர்த்துக்கீசர் கட்டிய மட்டக்களப்புக் கோட்டை. இதெல்லாம் உங்கள் 15,000க்குள் அடங்கும். விருந்தோம்பலில் ஒரு குறையும் வராது.

கடனட்டைத் திட்டத்தைப் பற்றியும் கேட்டீர்கள். இந்த ‘வட்டியில்லாத் தவணை’ விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. வட்டி என்ற பெயரில் வாங்காததைக் கையாளுகைக் கட்டணம் என்ற பெயரில் வாங்கும் திட்டங்கள் உண்டு. ஒரு தவணை பிந்தினால் மீதி முழுவதும் வழமையான கடனட்டை வட்டிக்கு மாறக்கூடும். குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறவருக்குத் தவணை முடியும்போது பெட்டியாவது வீட்டில் நிற்கும். சாப்பிட்ட சாப்பாட்டுக்கு அடுத்த ஓகஸ்ட் வரை தவணை கட்டிக்கொண்டிருப்பது என்ன கணக்கு? அட்டை காட்டினால் வார இறுதி புஃபேயில் 25 வீதம் கழிவு என்பதும் அப்படித்தான். கழிவு இல்லாவிட்டால் அந்தக் கதவையே திறந்திருக்க மாட்டீர்கள்.

பிள்ளைகளுக்குக் கொழும்பு பார்க்கும் ஆசை இருக்கும், அதையும் தடுக்கச் சொல்லவில்லை. டிசம்பர் விடுமுறையில் நீங்கள் நாலு பேர் மட்டும் போய் வாருங்கள். ரயிலிலோ பஸ்ஸிலோ போய்வர 16,000, வெள்ளவத்தைப் பக்கம் அறை எடுத்து இரண்டு இரவுக்கு 20,000, சாப்பாடு மூன்று நாளுக்கு 30,000, ஆட்டோவும் நுழைவுச் சீட்டும் 14,000. தாராளமாகப் போட்டும் 80,000. இந்த வருடம் நகைக்கு ஏறும் வட்டியைவிட இது குறைவு. கொழும்பில் பார்க்க வேண்டியவற்றில் நல்லவை அனேகமாக மலிவானவை. காலி முகத்திடல் 1859இலிருந்து மக்கள் காற்று வாங்கும் திடல், இன்றும் நுழைவுக் கட்டணம் இல்லை. பொழுது படும் நேரத்தில் போனால் தள்ளுவண்டியில் இறால் வடை சுடச்சுடக் கிடைக்கும். ஒரு தட்டு வாங்கி நாலு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம், சேவைக் கட்டணமும் இல்லை. தேசிய நூதனசாலை 1877இல் தொடங்கியது, வரலாறு படிக்கும் பிள்ளைக்கு அரை நாள் காணாது. புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோடு பள்ளிவாசலைக் காட்டிவிட்டு, கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடை. அந்த 80,000ஐக் கையில் காசாக எடுத்துப் போங்கள், அட்டை வீட்டில் இருக்கட்டும். காசு சேராவிட்டால் டிசம்பரை விட்டு ஏப்ரலில் போங்கள்.

இனி இருக்கும் கடன். இதைச் சொன்னால் கோபம் வரலாம், ஆனாலும் சொல்கிறேன்: காப்பை விற்றுவிடுங்கள். பவுண் இரண்டரை இலட்சம் என்று குறைத்தே பிடிப்போம், இரண்டு பவுண் 5 இலட்சம். நகைக்கடையில் கழிவு பார்ப்பார்கள், ஆகவே இரண்டு மூன்று கடையில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள். 770,000இல் அது போனால் மீதி 270,000. மாதம் 15,000ஐ வங்கியிலேயே பகுதி பகுதியாகக் கட்டினால் இருபது, இருபத்தொரு மாதத்தில் தாலிக்கொடி கைக்கு வந்துவிடும். காப்பை விற்காமல் அதே 15,000ஐ 770,000க்குக் கட்டினால் மாதம் 9,000 வட்டிக்கே போகும், முடிய ஆறு வருடத்துக்கு மேலாகும். அம்மா போட்ட காப்பு என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டினேன். மனம் வராவிட்டால் காப்பை வைத்திருந்து ஆறு வருடம் கட்டலாம், அதிலும் தப்பில்லை. ஆனால் இரண்டு வழியிலும் இனி ஒரு ரூபாய்கூட அதன் மேல் எடுக்கக்கூடாது.

இரண்டு நகையும் ஒரே அடகுச் சீட்டில் இருந்தால், காப்பை மட்டும் விடுவிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று முதலில் வங்கியில் கேளுங்கள். பிரித்துத் தர மறுத்தால், நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு நாள் கைமாற்று வாங்கி மீட்டு, காப்பை விற்று அன்றைக்கே கொடுத்துவிட்டு, தாலிக்கொடியை மீதித் தொகைக்கு மட்டும் திருப்பி வைக்கலாம். கடை ஆளை வங்கி வாசலுக்கு வரவைத்து அவசரத்தில் விலை பேசாதீர்கள். அன்றைக்குக் கணவரும் உங்களோடு வரட்டும். அலுவலர் மறுபடியும் ‘இன்னும் கூடத் தரலாம்’ என்பார், மீதித் தொகையை மட்டும் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள். மீதி எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள், உங்கள் சீட்டில் உள்ள சரியான வட்டியோடு மாதக் கணக்கைப் போட்டு அனுப்புகிறேன்.