டீ டம்ளரும் ஒரு கேள்வியும்

வணக்கங்க. எனக்கு 32 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கூட வேலை பார்த்த ஒருவர் மேல் ஆசை வைத்திருந்தேன். நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் முன்பு வேறு ஊருக்குப் போனார், கல்யாணமும் ஆகிவிட்டது. பீஸ் பார்த்துக்கொண்டே நான் முணுமுணுத்துப் பாடுவேன். சாயங்கால டீ நேரத்தில் டம்ளரோடு வந்து நின்று, "இன்னிக்கு என்ன பாட்டுங்க?" என்பார். அந்த நேரமானால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. கிருத்திகைக்கு சிவன்மலை போனால், முருகன் முன்னாலும் அவர் முகம்தான் வருகிறது. பாவம் செய்வதுபோல இருக்கிறது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இதை எப்படி வேரோடு பிடுங்குவது?

அன்புள்ள அம்மணி,

பாவம் என்ற சொல்லை முதலில் இறக்கி வையுங்கள். ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் கண்ணனுக்காக ஏங்கித்தான் தவிக்கிறாள். காமனிடம் வேண்டுகிறாள், குயிலிடமும் மேகத்திடமும் தூது சொல்கிறாள், அவன் வாய் எப்படி மணக்கும் என்று சங்கிடமே கேட்கிறாள். அதை நாம் பக்தி என்றுதான் ஓதுகிறோம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவருடைய உயரம், நிறம், குணம் எதுவுமே அதில் இல்லை. ஒரு டீ டம்ளர் இருக்கிறது, ஒரு கேள்வி இருக்கிறது. அவர் போன பிறகு நீங்கள் பாடுவதையே விட்டுவிட்டீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் உங்கள் ஏக்கத்தில் பாதி, பாடிக்கொண்டிருந்த உங்களைத் தேடித்தான்.

சிவன்மலை உத்தரவுப் பெட்டி உங்களுக்குத் தெரியாததில்லை. பக்தர் கனவில் முருகன் சொன்ன பொருளை வைக்கும் பெட்டி அது. ஆனால் அந்தப் பொருளை நேராகக் கொண்டுபோய் வைத்துவிடுவதில்லை. சாமியிடம் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்த பிறகே வைக்கிறார்கள். உங்கள் மனதில் வரும் அந்த முகத்தையும் அப்படியே கேளுங்கள். நெஞ்சு அடைக்கும்போது போனில் அவர் போட்டோவைத் தேடாமல், பத்து நிமிடம் உட்கார்ந்து, இப்போது எனக்கு என்ன வேண்டும் என்று நோட்டில் எழுதுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போனால் தள்ளிப்போடாதீர்கள். 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண் அது.

மாப்பிள்ளை விஷயத்தில் அவசரம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். வருகிறவரிடம் பழைய முகத்தைத் தேடாதீர்கள். "நான் பாடுவேன்" என்று சொல்லிவிட்டு, அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள்.

அடுத்த கிருத்திகைக்கு அந்த முகம் வந்தால் விரட்ட வேண்டாம், அதையும் சேர்த்துக் கும்பிடுங்கள். அப்புறம் அங்கேயே ஒரு பாட்டு, உங்கள் காதுக்குக் கேட்கிற அளவுக்கு.