குடியை விடப் பலமுறை முயன்றும் முடியவில்லை, வீட்டிலும் யாரும் நம்புவதில்லை. நிரந்தரமாக நிறுத்த என்னதான் வழி?

நானும் இதே கேள்வியோடு பல வருடம் அலைந்தவன்தான். விட்டு ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன் எத்தனை முறை விட்டேன் என்று கேட்டால் என்னிடம் கணக்கு இல்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் தினமும் நிறையக் குடிப்பவர் என்றால், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு வாய் குடித்தால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருந்தால், இன்றைக்கே வீறாப்பாக நிறுத்தாதீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். மது மூளையை மந்தப்படுத்தும், மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கயிறு இழுக்கும்போது எதிர்ப்பக்கம் சட்டென்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதேதான். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சல், குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். எல்லோருக்கும் இப்படி ஆகாது, ஆனால் யாருக்கு ஆகும் என்று நாமே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. மருத்துவர்கள் சில நாள் மாத்திரை கொடுத்து அளவைக் குறைத்துக்கொண்டே வந்து இதைக் கடக்க வைப்பார்கள், கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார்கள். அதைச் சாதாரணச் சத்து மாத்திரை என்று ஒதுக்காதீர்கள். நீண்ட நாள் குடித்தவர்களுக்கு அது குறைந்தால் நினைவாற்றலே நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம்.

சரி, அந்த ஒரு வாரம் தாண்டியாயிற்று. அப்புறம்தான் உண்மையான வேலை.

சுடுகாட்டுக்குப் போய் வந்தவனுக்கு மயான வைராக்கியம் என்பார்களே, குடிகாரனுக்கு அது தினமும் காலையில் வரும். தலை வெடிக்கிறது, வாய் கசக்கிறது, முந்தின ராத்திரி யாரை என்ன திட்டினோம் என்று அரைகுறையாக ஞாபகம் வருகிறது, இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்கிறோம். அந்தச் சத்தியம் பொய் இல்லை, காலையில் மனதாரத்தான் செய்கிறோம். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறவன் வேறு ஆள். அவனுக்கும் காலையில் சத்தியம் செய்தவனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது. புரிந்த பிறகு சத்தியம் செய்வதை விட்டுவிட்டு, அந்த ஏழு மணிக்காரனுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று மட்டும் யோசித்தேன்.

எனக்கு முதல் ஏற்பாடு சாப்பாடு. சிரிக்காதீர்கள். வெறும் வயிறு, களைப்பு, கோபம், தனிமை, இந்த நான்கில் இரண்டு சேர்ந்தால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். ஆறு மணிக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவேன். பாதித் தாகம் அங்கேயே அடங்கிவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியை மாற்றினேன், இருபது நிமிடம் கூடுதல். வருகிறவர்களுக்காக இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்திருந்த பாட்டிலை அப்புறப்படுத்தினேன். அந்த விருந்தாளி நான்தான் என்பது எனக்கே தெரியும்.

அடுத்தது, ஆசை வரும்போது அதோடு வாதாடாமல் இருப்பது. வந்துவிட்டால் அது ராத்திரி முழுக்க இப்படியே கூடிக்கொண்டே போகும், குடித்தால்தான் அடங்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. அலை மாதிரி எழும்பி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே இறங்கிவிடும். நான் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு குளிக்கப் போவேன், அல்லது ஒருவருக்குப் போன் செய்வேன். அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள், அந்த நேரத்தில் தேட முடியாது.

நண்பர்கள் வற்புறுத்தினால்? "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லாதீர்கள், அது பேரத்துக்குக் கதவைத் திறந்து வைப்பது. "நான் குடிப்பதில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தை உடைக்க ஆள் வருவார்கள். சில நட்புகள் இதில் கழன்றுபோகும். எனக்கு மூன்று போயின, ஒன்றுக்குத்தான் வருத்தம்.

மருந்து உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை ஆசையைக் குறைக்க உதவுகின்றன, யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். டைசல்ஃபிராம் வேறு ரகம். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து படுத்துவிடும். குடும்பத்தினர் இதைக் குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், ஆளே போய்விடலாம்.

1935-ல் அமெரிக்காவில் பில் வில்சன், பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் அனுபவத்தைப் பேசும் அமைப்பு. ஏ.ஏ. கூட்டம் என்பார்கள், கட்டணம் இல்லை, பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். அங்கே கடவுள் பேச்சும் வரும், எனக்கு அது ஒத்துவராது, அதனால் முதலில் தயங்கினேன். போய் உட்கார்ந்தபோது என் கதையை இன்னொருவர் வாயால் கேட்டேன், அது போதுமாக இருந்தது. உங்களுக்கு ஒத்துவராவிட்டால் மனநல ஆலோசகரிடம் போங்கள். தனியாக மட்டும் செய்யாதீர்கள்.

தூக்கம் சில வாரம் கெட்டுத்தான் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

ஐந்தாவது மாதம்தான் என்னைக் கவிழ்த்தது. உடம்பு தேறிவிட்டது, முகத்தில் களை வந்துவிட்டது, இனி கட்டுப்பாடாக ஒரே ஒரு பெக் போடலாம் என்று தோன்றியது. போட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் எழுந்தேன். முன்பெல்லாம் இப்படி விழுந்தால் எல்லாம் போச்சு என்று மேலும் குடிப்பேன். அந்த முறை டாக்டரிடம் திரும்பிப் போனேன். அவர் திட்டவில்லை, எந்த நாள், எந்த நேரம், கூட யார் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். ஐந்து மாதம் வீணாகவில்லை, ஓட்டை எங்கே என்று தெரிந்தது.

வீட்டில் நம்பவில்லை என்கிறீர்கள். நம்ப மாட்டார்கள், எதற்கு நம்ப வேண்டும்? என் மனைவி நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ சாக்கில் பக்கத்தில் வந்து மோந்து பார்ப்பாள். முதலில் கோபம் வந்தது, பிறகு நானே போய் முன்னால் நிற்க ஆரம்பித்தேன். இரண்டாவது வருடம் ஏதோ ஒரு நாள் அடுப்படியிலிருந்தே "வந்தாச்சா?" என்று குரல் மட்டும் கொடுத்தாள், எழுந்து வரவில்லை.