வீட்டில் ஒருவருக்குப் பன்றிக் காய்ச்சல்: தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

கணவருக்குப் பன்றிக் காய்ச்சல் உறுதியாகியிருக்கும் நிலையில், ஐந்து மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள், சகோதரி. நிறுத்த வேண்டாம். இந்த வைரஸ் தாய்ப்பால் வழியாகப் பரவுவதில்லை. பாலிலுள்ள எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கு இப்போதுதான் மிகவும் தேவைப்படுகிறது.

பன்றிக் காய்ச்சலை உண்டாக்குவது 2009இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 என்ற ஃபுளூ வைரஸ். இது இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் நீர்த்திவலைகள் மூலமாகவே பெரும்பாலும் தொற்றுகிறது. அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே, அதன்பின் ஏறத்தாழ ஏழு நாள்வரை நோயாளி அதைப் பிறருக்குத் தரக்கூடும் என்பதால், அவர் தனி அறையில் இருப்பதே நல்லது. அவருடைய கைபேசியை மட்டும் குழந்தையின் கைக்கு எட்ட விடாதீர்கள் (பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்), ஏனெனில் வழவழப்பான பரப்புகளில் வைரஸ் ஒரு நாளுக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கலாம்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃபுளூ தடுப்பூசி போட இயலாது. ஆகவே நோய் வராமல் தடுக்கக் கொடுக்கப்படும் வைரஸ் எதிர்ப்பு மருந்து தேவையா என்று குழந்தை மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். தொடர்பு ஏற்பட்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்குப் பயன் அதிகம். குழந்தை வேகமாக மூச்சுவிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.