விமர்சனம் எழுதியவருக்கு எப்படி நன்றி சொல்வது?

அன்புள்ள ஐயா,

கைபேசிச் செயலி ஒன்றில் தொடர்கதை எழுதி வருகிறேன். இப்போது எழுதுவது தஞ்சைப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றின் கதை. ஒவ்வொரு அத்தியாயத்துக்குக் கீழேயும் நிறையப் பேர் 'அருமை', 'சூப்பர் சிஸ்', 'அடுத்த பகுதி எப்போ?' என்று எழுதுவார்கள். எல்லோருக்கும் 'மிக்க நன்றி' போட்டு, கைகூப்பும் எமோஜியும் வைப்பேன்.

போன மாதம் காவிரி டெல்டாக்காரர் ஒருவர் நீளமான விமர்சனம் எழுதியிருந்தார். 'தை மாதம் குறுவை நெல் அறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தையில் அறுப்பது சம்பா. குறுவை ஐப்பசிக்குள் வீடு வந்துவிடும்' என்று ஆரம்பித்து, அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டையில் அம்மா வாயே திறக்காமல் இருப்பதை நம்ப முடியவில்லை என்பது வரை சொல்லியிருந்தார். அவருக்கும் வழக்கம்போல 'மிக்க நன்றி சகோ' என்றேன். 'ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். நீங்கள் படித்தீர்களா என்றுகூடத் தெரியவில்லை' என்று பதில் வந்தது. அப்புறம் அவர் வரவேயில்லை.

இன்னொருவர் இரண்டு நட்சத்திரம் கொடுத்து, 'ஒரே இழுவை' என்று எழுதினார். முதலில் நன்றி சொல்லிவிட்டு, அந்த அத்தியாயம் ஏன் மெதுவாகப் போகிறது என்று விளக்கினேன். சண்டையில் முடிந்தது. 'எழுதுகிறவர் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது, சொன்னால் மரியாதை போய்விடும்' என்கிறாள் என் தோழி. யாருக்கு, எப்படி, எவ்வளவு நன்றி சொல்வது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த டெல்டாக்காரரின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அவர் செய்த வேலையை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். உங்கள் அத்தியாயங்களை வரிசையாகப் படித்திருக்கிறார். எந்த மாதத்தில் எந்த அறுவடை வருகிறது என்று கவனித்திருக்கிறார். அம்மாவின் மௌனத்தைப் பற்றிக் கதையை மூடிய பிறகும் யோசித்திருக்கிறார். அப்புறம் அத்தனையையும் கைபேசியில் தமிழில் தட்டி எழுதியிருக்கிறார். அச்சுப் பதிப்பில் இந்த வேலைக்கு எடிட்டர் என்று ஒருவர் உண்டு, அவருக்குச் சம்பளமும் உண்டு. செயலியில் நீங்கள் எழுதி 'வெளியிடு' என்று அழுத்தினால் கதை நேரே வாசகர் கைக்குப் போய்விடுகிறது, இடையில் யாரும் இல்லை. அந்த இடத்தை இவர் காசு வாங்காமல் நிரப்பியிருக்கிறார். அவருக்குக் கிடைத்த பதில், 'சூப்பர் சிஸ்' என்றவருக்குக் கிடைத்த அதே பதில்.

நன்றி சொல்வதன் அடிப்படை, படித்தேன் என்று காட்டுவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விமர்சனம் எழுதுகிறவருக்கு உள்ளூர ஒரு கேள்வி இருக்கும்: நான் சொன்னது போய்ச் சேர்ந்ததா? அதற்குப் பதில் கிடைத்தாலே போதும். 'மிக்க' என்பதை 'மிக மிக' ஆக்குவதாலோ எமோஜியைக் கூட்டுவதாலோ அது கிடைக்காது. அவர் சொன்னதில் ஒன்றை எடுத்து, அது உங்களை என்ன செய்தது என்று ஒரு வரி எழுதினால் கிடைக்கும்.

குறுவையையே எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னது சரி. மேட்டூர் அணையை வழக்கமான தேதியான ஜூன் 12-இல் திறக்கும் வருடங்களில் டெல்டாவில் குறுவை புரட்டாசி, ஐப்பசியில் அறுப்புக்கு வரும். தையில் வயலில் இருப்பது சம்பாவும், குறுவை அறுத்த வயலில் அடுத்து நடும் தாளடியும். உங்கள் கதையில் சொத்துச் சண்டை நடப்பது அறுவடை நேரத்தில். அறுவடையை ஐப்பசிக்கு நகர்த்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை உள்ளே வந்துவிடும். அறுத்த நெல் நனையும். அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள், தளர்வு அறிவிக்காவிட்டால் அதற்கு மேல் போனதை வாங்க மாட்டார்கள். நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்க வேண்டும், மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூட வேண்டும், விட்டால் குவியலிலேயே முளைத்துவிடும். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஒரே படுதாவின் இரண்டு முனைகளைப் பிடித்தாக வேண்டும். தை மாத வெயிலில் இந்தக் காட்சிக்குப் பெரும்பாலும் வழி இல்லை. ஒரு பிழையைச் சுட்டிக்காட்டிய மாதிரிதான் தெரிகிறது, ஆனால் உங்கள் கதைக்குத் தேவையான மழையை அந்த மனிதர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

ஆகவே அவருக்கு எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி: 'குறுவை பற்றி நீங்கள் சொன்னது சரி. அறுவடையை ஐப்பசிக்கு மாற்றப் போகிறேன். மாற்றினால் மழையும் நெல்லின் ஈரமும் கதைக்குள் வருகின்றன, அந்த அத்தியாயமே வேறாகிவிடும்போல் இருக்கிறது. இதைக் கவனித்துச் சொன்னதற்கு நன்றி.' நாலு வரிதான், ஆனால் இதை வேறு எந்த விமர்சனத்தின் கீழும் ஒட்ட முடியாது.

அம்மாவின் மௌனம் பற்றி அவர் சொன்னதை நீங்கள் ஏற்கிறீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. ஏற்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நன்றி உண்டு. ஆனால் 'நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை, மாற்றிவிடுகிறேன்' என்று வாய்க்கு வந்தபடி எழுதாதீர்கள். மாற்றப் போவதில்லை என்றால் அது பொய். அடுத்த அத்தியாயத்திலும் அம்மா வாய் திறக்காவிட்டால் அவருக்கும் அது தெரிந்துவிடும். 'அம்மா பேசாமல் இருப்பதற்குக் கதையில் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். இதுவரை படித்த உங்களுக்கு அது எட்டவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்' என்று சொன்னால் போதும். உங்கள் முடிவை நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, அவர் பார்வையையும் தள்ளவில்லை.

குறை சொன்னவரை மதிப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய சிறப்புப்பாயிரத்தை, அதாவது முன்னுரைப் பாட்டைப் படித்துப் பாருங்கள். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்ற புலவருக்குக் குற்றமறத் தெரிவித்து அந்த நூல் அரங்கேறியது என்று அதில் இருக்கிறது. நூலைச் சோதித்தவரின் பெயர் நூலின் வாசலிலேயே நிற்கிறது. நச்சினார்க்கினியர் தம் உரையில் இன்னும் ஒரு கதை சொல்கிறார். அந்த நூலைக் கேட்க வேண்டாம் என்று ஆசிரியரான அகத்தியர் அதங்கோட்டாசானிடம் சொல்லிவிட்டாராம். கேட்காமலும் இருக்க முடியவில்லை, ஆசிரியர் சொல்லையும் தட்ட முடியவில்லை. அதனால், சொல்வதற்கெல்லாம் குற்றம் காண்கிறேன் என்று முடிவுகட்டிக்கொண்டு உட்கார்ந்தாராம். தொல்காப்பியரோ ஒவ்வொரு குற்றத்துக்கும் விடை சொன்னாராம். கதையின் வரலாற்று உண்மை எப்படியோ போகட்டும், உரையாசிரியர் அதைக் கைவிடாமல் எழுதி வைத்திருக்கிறார். குறை காண்பதற்கென்றே வந்து உட்கார்ந்தவருக்குப் பாயிரத்தில் இடம் கொடுத்த மொழி இது. இதில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு.

இரண்டு நட்சத்திரக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். 'நன்றி, ஆனால்...' என்று ஆரம்பிக்கும் பதில் பெரும்பாலும் சண்டையில்தான் முடியும். படிக்கிறவர் 'நன்றி'யைத் தாண்டி 'ஆனால்' என்பதைத்தான் படிப்பார். அவருக்கு இழுவையாக இருந்தது, அது அவருடைய அனுபவம். விளக்கம் சொல்லி ஒருவருடைய அலுப்பைப் போக்க முடியாது. அமெரிக்காவில் 1956-இல் டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் பிளிஷ் ஆகிய அறிவியல்புனைவு எழுத்தாளர்கள் மில்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு பட்டறையைத் தொடங்கினார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் எழுதிய கதையைப் பற்றி மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை கதையை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. பிறகுதான் அவர் முறை. 1968-இல் ஆரம்பித்த கிளாரியன் பட்டறையும் இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது. எனக்கு இதில் பிடித்தது அந்தக் கட்டாய மௌனம். முழுதும் கேட்டு முடிப்பதற்குள் நம் பாதி விளக்கங்களுக்கு அவசியமே இல்லாமல் போய்விடும். அந்த மௌனத்தை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்ளலாம். அன்றைக்கு 'வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி, எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது என்று சொன்னால் உதவியாக இருக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தால், ஒன்று அவர் இடத்தைச் சொல்லியிருப்பார், இல்லை பேசாமல் போயிருப்பார். இரண்டிலும் உங்களுக்கு நஷ்டமில்லை. நட்சத்திரத்தைக் கூட்டிப் போடச் சொல்லி மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள், அது இருவருக்குமே கூச்சம்.

'அருமை', 'சூப்பர்' என்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் போட வேண்டியதில்லை. அடுத்த அத்தியாயத்தின் கீழே எல்லோருக்கும் சேர்த்து இரண்டு வரி எழுதினால் போதும். ஆங்கிலத்தில் ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கென்று உள்ள ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் 'குடோஸ்' என்று ஒரு பொத்தான் உண்டு. சொல்ல வார்த்தை இல்லாதவர், பிடித்திருந்தால் அதை அழுத்திவிட்டுப் போகலாம். அதற்கு எழுதியவர் பதில் சொல்ல வழியுமில்லை, யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. உங்கள் செயலியில் அந்தப் பொத்தான் செய்யும் வேலையைத்தான் 'அருமை' செய்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த வரிசையைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். நடுவில் யாராவது 'ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன்' என்று எழுதியிருப்பார். அவருக்குத் தனியாக எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எழுதுகிறவர்களுக்குள்ளேயே, 'நீங்கள் என் கதைக்கு எழுதினீர்கள், நான் உங்கள் கதைக்கு எழுதிவிடுகிறேன்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மொய் நோட்டில் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று பார்த்துத் திருப்பி வைப்பது போல. கல்யாணத்தில் அது நல்ல முறைதான், கைமாற்றாக ஒரு குடும்பத்துக்கு உதவுகிறது. எழுத்தில் அது கெடுதல். ஐந்து நட்சத்திரத்துக்கு ஐந்து நட்சத்திரம் என்று ஆனபின், உண்மையாகவே நன்றாக எழுதும் புதியவருக்கு அந்த நட்சத்திரத்தால் எந்தப் பயனும் இல்லாமல் போகிறது. ஒருவருடைய விமர்சனத்துக்கு நன்றியாக அவர் கதையைப் படிக்கலாம், தாராளமாகப் படியுங்கள். படித்தபின் எழுதுவது மட்டும் உங்கள் மனதில் பட்டதாக இருக்கட்டும்.

எல்லோருக்கும் நன்றி சொல்லியே தீர வேண்டும் என்பதும் இல்லை. கதையை விட்டு உங்கள் சாதியை, உடலை, நடத்தையைப் பேசுகிறவர் விமர்சகர் அல்ல. பதில் தேவையில்லை, தடுத்துவிட்டு எழுதப் போங்கள். தனிச்செய்தியில் வந்து 'எனக்கு நன்றி சொல்லவில்லையே' என்று உரிமையோடு நச்சரிப்பவர்களும் உண்டு, பெண்கள் எழுதும் இடங்களில் இது அதிகம். விமர்சனம் எங்கே வந்ததோ அங்கேயே, எல்லோரும் பார்க்கும்படி நன்றி சொல்லுங்கள். தனி உரையாடலுக்கு நீங்கள் யாருக்கும் கடன்பட்டவர் அல்ல.

உங்கள் தோழி சொல்வதை நான் ஏற்கவில்லை. வல்லிக்கண்ணன் எவ்வளவு மூத்த எழுத்தாளர்! இளம் எழுத்தாளர்கள் அனுப்பும் புத்தகங்களைப் படித்துவிட்டு அஞ்சலட்டையில் நுணுக்கி எழுதி அனுப்பியவர் அவர். அந்த அட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கும் எழுத்தாளர்கள் பலர். பதில் எழுதி எழுதி அவர் மரியாதை கூடித்தான் போனது. தோழி பயப்படுவது கெஞ்சலைப் பார்த்து என்று நினைக்கிறேன். 'உங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் நான் இல்லை' என்ற மாதிரிப் பதில்களைத் தவிர்த்துவிடுங்கள், அந்தப் பயத்துக்கு இடமிருக்காது.

இப்போது செய்ய வேண்டியது: டெல்டாக்காரரின் விமர்சனத்துக்குக் கீழேயே எழுதுங்கள். ஒரு மாதம் கழிந்திருந்தாலும் பரவாயில்லை. தாமதத்துக்கு ஒரு வரி போதும், மற்றதெல்லாம் குறுவையைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் இருக்கட்டும். அத்தியாயத்தைத் திருத்தியதும் அதன் தொடக்கத்தில், அறுவடைக் காலத்தை ஒரு வாசகர் சுட்டிக்காட்டியதால் மாற்றினேன் என்று குறிப்பிடுங்கள். அவர் திரும்பி வராவிட்டாலும் குறிப்பு அங்கேயே இருக்கட்டும். கதை புத்தகமாக வரும்போது முன்னுரையில் அவர் பெயரைப் போட விரும்பினால், முதலில் அவரிடம் கேளுங்கள். செயலியில் பலர் புனைபெயரில் இருக்கிறார்கள். எந்தப் பெயரைப் போடலாம், போடலாமா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்.