நம்மைப் பற்றி நாமே எழுதலாமா? விக்கிப்பீடியா நலமுரண்: கேள்வி பதில்

தமிழ் விக்கிப்பீடியாவில் 12 ஆண்டுகளாகத் தொகுக்கிறேன். நலமுரண் (தனக்கு வேண்டியதைப் பற்றித் தானே எழுதும் சிக்கல்) பற்றிக் கேளுங்கள் என்று நேற்று இரவு சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கே (பள்ளி ஆசிரியை): எங்கள் பள்ளி பற்றிய கட்டுரையில் தொடங்கிய ஆண்டு தவறு. நானே திருத்தலாமா?

ப: தாராளமாக. ஆண்டு, எழுத்துப்பிழை, எவனோ நுழைத்த கெட்ட வார்த்தை, இதெல்லாம் யார் திருத்தினாலும் சரி. ஆண்டுக்கு ஒரு மேற்கோள் கொடுங்கள். சேமிக்கும்போது என்ன மாற்றினோம் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் 'இப்பள்ளி ஆசிரியர்' என்று போட்டுவிடுங்கள். 'மாவட்டத்தின் தலைசிறந்த பள்ளி' என்று சேர்க்கக் கை அரித்தால் மட்டும் எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள்.

கே (திருப்பூர் அன்பர்): கம்பெனி வெப்சைட்ல இருந்த 'எங்களைப் பற்றி'யை அப்படியே போட்டேன். ஒரு மணி நேரத்துல தூக்கிட்டாங்க. எங்க கம்பெனி, எங்க எழுத்து. என்ன தப்பு?

ப: இரண்டு தப்பு. விக்கியில் ஏறும் எழுத்தை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். உங்கள் தளத்தின் அடியிலோ 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. இரண்டாவது, அது விளம்பர நடை. ஒட்டாதீர்கள். கம்பெனியைப் பற்றி வெளியார் யாராவது விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இப்போதைக்குக் கட்டுரை வேண்டாம்.

கே (ஒரு நாவலாசிரியர்): என் நாவலின் நாயகன் என் மாமாதான் என்று கட்டுரையில் இருக்கிறது. ஒரு விமர்சகர் அப்படி எழுதினாராம். பொய். நீக்கினேன், திரும்பச் சேர்த்துவிட்டார்கள். எழுதியவன் நான், எனக்குத் தெரியாதா?

ப: உங்களுக்கு முன்னால் பெரிய ஆள் ஒருவர் இதில் மாட்டியிருக்கிறார். அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ராத். அவருடைய 'தி ஹியூமன் ஸ்டெய்ன்' நாவல் அனடோல் பிராயர்ட் என்ற விமர்சகரின் வாழ்க்கையைத் தழுவியது என்று ஆங்கில விக்கி சொன்னது. தன் நண்பர் மெல்வின் டூமினுக்குப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நேர்ந்ததே கதைக்கு வித்து என்றார் ராத். அவர் தரப்பில் திருத்தப் போனபோது, இரண்டாம் நிலைச் சான்று (வேறொருவர் எழுதி வெளியானது) கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. கடுப்பானவர் 2012 செப்டம்பரில் நியூ யார்க்கர் இதழின் தளத்தில் விக்கிப்பீடியாவுக்கு நீண்ட திறந்த மடல் எழுதினார். அந்த மடலே சான்றாகி, அவர் சொன்னது கட்டுரையில் ஏறியது.

கே (அதே நாவலாசிரியர்): அவருக்கு நியூ யார்க்கர் கதவு திறந்தது. எனக்கு யார் திறப்பார்கள்? விமர்சகர் அச்சில் சொன்ன பொய் செல்லும், ஆசிரியன் வாய்ச்சொல் செல்லாது. இதற்கு நடுநிலை என்று பெயர் வேறு!

ப: கோபம் நியாயமானது. ராத் விஷயத்தில் விக்கி நடந்துகொண்டது எனக்கே முழுக்க உடன்பாடில்லை. ஆனால் எங்கள் பக்கம் இருந்து பாருங்கள். திரையில் தெரிவது ஒரு பயனர் பெயர். அது நீங்களா, உங்கள் பெயரில் யாரோவா என்று எப்படித் தெரியும்? நாளை இதைப் படிப்பவர் எங்கே போய்ச் சரிபார்ப்பார்? நியூ யார்க்கர் தேவையில்லை. உங்கள் வலைப்பதிவிலோ பதிப்பாளர் தளத்திலோ உங்கள் பெயரில் எழுதுங்கள். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதற்கு அவருடைய சொந்தத் தளம் சான்றாகலாம், தற்புகழ்ச்சியாக இல்லாதவரை. பிறகு பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்க அதனுடன் இருக்கும் பக்கம்) 'நான்தான் ஆசிரியர், இதோ இணைப்பு' என்று எழுதுங்கள். விமர்சகர் சொன்னது நீங்காது. 'ஆசிரியர் இதை மறுக்கிறார்' என்று பக்கத்திலேயே உட்காரும்.

கே (இடையில் நுழைந்த ஒருவர்): அது எப்படி நீங்காது? பொய்யை வைத்துக்கொண்டு மறுப்பையும் வைப்பது கோழைத்தனம்.

ப: பொய் என்பது ஆசிரியர் தரப்பு. விமர்சகரைக் கேட்டீர்களா? எழுதும்போது மாமா மனசில் ஓடவே இல்லை என்று எந்த எழுத்தாளர் சத்தியம் செய்வார்?

கே (நாவலாசிரியர்): நான் செய்கிறேன்.

ப: பேச்சுப் பக்கத்தில் செய்யுங்கள் ஐயா.

கே (மதுரை): ஒருத்தர் வாட்ஸ்அப்பில் வந்து, பணம் கொடுத்தால் விக்கிப் பக்கம் போட்டுத் தருகிறேன், நீக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

ப: கொடுக்காதீர்கள். 2015-இல் ஆங்கில விக்கியில் இதே தொழில் பிடிபட்டது. 381 கைப்பாவைக் கணக்குகளை (ஆளை மறைத்து இயக்கும் போலிக் கணக்குகள்) தடை செய்தார்கள். நிராகரிக்கப்பட்ட வரைவுகளைத் தேடிப் பிடித்து, சம்பந்தப்பட்டவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுவது. பிறகு 'பாதுகாப்பு'க்கு மாதாமாதம் வசூல். பேட்டை ரவுடி மாமூல்தான், வேறென்ன? விக்கியில் யாருக்கும் அப்படிப் பாதுகாக்கும் அதிகாரம் கிடையாது.

கே (விளம்பர நிறுவன ஊழியர்): காசு வாங்கி எழுதுவதே குற்றமா?

ப: இல்லை, மறைப்பதுதான். 2014 ஜூன் முதல் பயன்பாட்டு விதிமுறையிலேயே இருக்கிறது: யார் பணம் தருகிறார், யாருக்காக எழுதுகிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பேச்சுப் பக்கத்தில் கோரிக்கை வையுங்கள், மற்றவர்கள் சேர்ப்பார்கள். கெட்டிக்காரத்தனம் வேண்டாம். 2019-இல் நார்த் ஃபேஸ் என்ற உடை நிறுவனத்துக்காக ஒரு பிரேசில் விளம்பரக் குழு, சுற்றுலா இடக் கட்டுரைகளில் இருந்த படங்களை எடுத்துவிட்டுத் தங்கள் சட்டையும் பையும் தெரிகிற படங்களைச் செருகியது. மாட்டியது எப்படி? அவர்களே பெருமையாகக் காணொளி போட்டார்கள்! படங்கள் போயின, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

கே: என் தாத்தா சுதந்திரப் போராட்டத் தியாகி. நான் எழுதலாமா?

ப: பேச்சுப் பக்கம். மேலே பார்க்க.

கே: என் யூடியூப் சேனலுக்கு...

ப: வேண்டாம்.

கே: புனைபெயரில் கணக்கு தொடங்கி என்னைப் பற்றி எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது?

ப: இதே கேள்வி ஐந்தாவது முறை வருகிறது. விக்கியைத் தொடங்கிய ஜிம்மி வேல்ஸே 2005-இல் தன் கட்டுரையில் கைவைத்தார். லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று சொன்ன வரிகளை மாற்றினார். யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் தொகுப்பு வரலாற்றில் எல்லாம் அப்படியே கிடந்தது, ஒரு வலைப்பதிவர் எடுத்துப் போட்டார், வேல்ஸ் வருத்தம் தெரிவித்தார். நீங்கள் எம்மாத்திரம்?

கே (நாவலாசிரியர்): வலைப்பதிவில் எழுதி, பேச்சுப் பக்கத்திலும் போட்டுவிட்டேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ப: போட்டு எவ்வளவு நேரம் ஆகிறது?

கே: இருபது நிமிடம்.

ப: தமிழில் ஆட்கள் குறைவு, ஒரு வாரம் பொறுங்கள். அப்போதும் அசைவில்லை என்றால் ஆலமரத்தடியில் (தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கம்) ஒரு குரல் கொடுங்கள். இரவெல்லாம் உங்களோடு மல்லுக்கு நின்றுவிட்டேன், அதனால் அந்தக் கட்டுரையை நான் தொடமாட்டேன்.