ஆங்கில 'மோர்' (more) எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் விருந்தினர் அறைகள் நடத்துகிறோம். எங்கள் மீன் சாப்பாடு மற்ற இடங்களைவிடப் பிரபலம் என்பதை ஆங்கில நோட்டீஸில் 'மோர் வெல்-நோன்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகத்தில் 'மோர் பெட்டர்-நோன்' என்று மாற்றிவிட்டார்கள். எது சரி?

பதில்: 'பெட்டர்-நோன்' என்று மட்டும் போடுங்கள். நீங்கள் எழுதியதைப் பலரும் எழுதுகிறார்கள், பெரிய குற்றமில்லை. அச்சகம் போட்டதுதான் தவறு. 'பெட்டர்' என்றாலே ஒப்பீடு வந்துவிட்டது, அதற்கு முன்னால் 'மோர்' எதற்கு?

இரண்டு சொல் சேர்ந்து வரும் பெயரடையில் முதல் சொல்லைப் பாருங்கள். வெல், குட், லாங், லோ மாதிரி சின்னச் சொல்லாக இருந்தால் பெரும்பாலும் அதை மாற்றினாலே போதும். குட்-லுக்கிங், பெட்டர்-லுக்கிங் ஆகும். லாங்-லாஸ்டிங், லாங்கர்-லாஸ்டிங் ஆகும்.

'ஓல்ட்-ஃபேஷன்ட்' இதில் சேராது. நோட்டீஸில் ஓட்டு வீடு, திண்ணை என்றெல்லாம் எழுதுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 'ஓல்டர்-ஃபேஷன்ட்' என்று எழுதாதீர்கள், 'மோர் ஓல்ட்-ஃபேஷன்ட்' என்றே எழுதுங்கள். நீங்கள் ஒப்பிடுவது வீட்டின் வயதை இல்லை, பழைய பாணி என்கிற குணத்தை. போன வருஷம் கட்டிய வீடும் பழைய பாணியில் இருக்கலாம். இரண்டு சொல்லும் ஒட்டி ஒரே பொருளாகிவிட்டதால் அதைப் பிரிக்காமல் முன்னால் 'மோர்' வைக்கிறோம்.

புதுச்சேரி கடற்கரை அளவுக்கு நம் சில்வர் பீச் பிரபலமில்லை என்று சொல்ல 'லெஸ் வெல்-நோன்' சரி. அங்கே 'பெட்டர்' வராது.

பள்ளியில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' என்று வருஷக்கணக்கில் படித்தோமே, என்ன பயன்? 'நோ அதர்', 'வெரி ஃபியூ' என்று ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகத் திருப்பிப் போட்டு மதிப்பெண் வாங்கியதுதான் மிச்சம். கடைப் பலகையில் வருகிற இந்தச் சொற்களை யாரும் தொடவே இல்லை. அந்த இடைவெளியில்தான் 'ஆங்கிலத்தில் எழுதித் தருகிறோம்' என்று பக்கத்துக்கு இவ்வளவு என வாங்குகிறவர்கள் பிழைக்கிறார்கள். அவர்களில் பலர் யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றித் தருகிறார்கள். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, அச்சகத்துக்கு இப்போதே போன் செய்து 'மோர்' என்பதை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு ஓர் எழுத்தையும் தொடக் கூடாது என்று அதன் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.