யார் வைத்த புள்ளி? (வாசகர் கேள்வி - பதில்)

இடைக்கால ஆங்கிலச் சமய நூல்களின் பழைய அச்சுப் பதிப்புகளை மின் ஆவணகங்களுக்காகக் குறியாக்கம் செய்யும் பணியில், கும்பகோணத்தில் இருந்தபடியே பன்னிரண்டு ஆண்டுகள் ஈடுபட்டது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பழைய புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக வைத்துவிட்டால் போதாதா? குறியாக்கம் என்று தனியாக ஒரு வேலை எதற்கு?
- வாசகி, திருவையாறு

பதில்: படம் அவசியம் வேண்டும். ஆனால் படத்துக்குள் சொல்லைத் தேட முடியாது. சரி, எழுத்தாக மாற்றிவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. 1864இல் ஃப்ரெடரிக் ஃபர்னிவால் தொடங்கிய 'ஏர்லி இங்கிலிஷ் டெக்ஸ்ட் சொசைட்டி' வெளியிட்ட பதிப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். நடுவில் மூலம் இருக்கும். பக்க ஓரத்தில் பதிப்பாசிரியர் தம் காலத்து ஆங்கிலத்தில் எழுதிய சுருக்கமும், சுவடியின் ஏட்டு எண்ணும் இருக்கும். அடியில் பாடபேதம், அதாவது சுவடிக்குச் சுவடி மாறும் சொற்கள், இருக்கும். இவ்வளவையும் ஒரே ஓட்டமாகத் தட்டச்சு செய்து வைத்தால், 1866ஆம் ஆண்டின் பதிப்பாசிரியர் ஓரத்தில் எழுதிய ஒரு சொல்லை 1340ஆம் ஆண்டின் வழக்கு என்று நம்பி ஓர் ஆய்வாளர் மேற்கோள் காட்டிவிடுவார். 'இது மூலம், இது ஓரக்குறிப்பு, இது பாடபேதம், இங்கே பக்கம் முடிகிறது' என்று ஒவ்வொரு துண்டுக்கும் அடையாளம் இடுவதுதான் குறியாக்கம். அலுவலகத்தில் நாங்கள் 'டேக் போடுவது' என்போம். அதற்கான பொது விதிகளை 1987இல் தொடங்கிய டி.இ.ஐ. (டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ்) என்ற கூட்டு முயற்சி வகுத்துத் தந்திருக்கிறது. இன்று அது எக்ஸ்.எம்.எல். என்ற கணினிக் குறிமொழியின் வடிவில் புழங்குகிறது.

கேள்வி: ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துகள்தானே? அவற்றை, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓ.சி.ஆர். மென்பொருளே படித்துவிடாதா?
- கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: அந்த நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் இன்று வழக்கில் இல்லாத எழுத்துகளும் இருந்தன. 'தார்ன்' என்ற எழுத்து, இன்று 'டி', 'எச்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் ஒலிக்கு உரியது. பார்வைக்கு ஆங்கிலப் 'பி' போலவே இருக்கும், தண்டு மட்டும் மேலேயும் நீண்டிருக்கும். 'யோக்' என்ற எழுத்து அச்சில் 3 என்ற எண்ணைப் போலவே தெரியும். ஓ.சி.ஆர். முன்னதைப் 'பி' என்றும், பின்னதை 3 என்றும் படித்துவிடுகிறது.

வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் இப்படிக் கெட்டுப்போன ஒரு கோப்பு என்னிடம் வந்தது. எல்லாப் 'பி'யையும் ஒரே கட்டளையில் 'தார்ன்' ஆக்கினேன். மாலையில் சரிபார்க்கும்போதுதான் பீட்டர், பால் ஆகிய அப்போஸ்தலர்களின் பெயர்களும் 'தார்ன்' எழுத்தில் தொடங்குவதைக் கண்டேன். சொல் சொல்லாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு, படத்தைப் பார்க்காமல் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இத்தகைய நூல்களுக்கு நம்பகமான வழி இரட்டைத் தட்டச்சுதான். இருவர் ஒருவர் வேலையை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே தட்டச்சு செய்வார்கள். இரண்டு கோப்புகளையும் கணினி ஒப்பிடும். வேறுபடும் இடத்தில் மட்டும் மூன்றாமவர் பக்கத்தின் படத்தைப் பார்த்துத் தீர்ப்பார். அந்தப் பழைய ஆங்கிலம் தெரியாதவர்கள்தாம் இதில் குறைவாகப் பிழை செய்தார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் கண்டேன். மொழி தெரிந்தவரின் விரல் தான் எதிர்பார்க்கும் சொல்லை அடித்துவிடுகிறது. தெரியாதவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அடிக்கிறார். ஒன்றையும் சொல்ல வேண்டும்: 'யோக்' எழுத்து, கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) இடம்பெற்றது 1999இல்தான். அதற்கு முந்தைய கோப்புகளில் அதற்குப் பதிலாக 3 என்ற எண்ணோ ஒரு குறிச்சொல்லோ நிற்கும் என்பதால், பழைய கோப்புகளைப் புதுப்பிப்பவர்கள் அதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

கேள்வி: அச்சுப் புத்தகத்தில் உள்ள சாய்வெழுத்துகளையும் விடாமல் பதிய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது அச்சகத்தார் செய்த அலங்காரம்தானே?
- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாடுதுறை

பதில்: ஐயா, இந்தப் பணியின் உயிர்நிலையே நீங்கள் கேட்ட இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். கேன்டர்பரி நகரத்து மடம் ஒன்றில் துறவியாக இருந்த டான் மைக்கேல் என்பவர், ஒரு பிரெஞ்சு நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1340ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று முடித்தார். 'அயென்பைட் ஆஃப் இன்விட்' என்பது நூலின் பெயர். மனச்சாட்சியின் உறுத்தல் என்று பொருள். தம் கையாலேயே எழுதியது என்று அவரே அதில் குறித்திருக்கிறார். அந்தச் சுவடி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ரிச்சர்டு மாரிஸ் அதை 1866இல் பதிப்பித்தார்.

அக்காலத்தில் எழுதியவர்கள், எழுதப் பயன்பட்ட விலங்குத் தோலின் இடத்தை மிச்சப்படுத்தச் சொற்களைச் சுருக்கி எழுதினார்கள். எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தால் அங்கே 'என்' அல்லது 'எம்' விடுபட்டிருக்கிறது என்று பொருள்; 'பி'யின் காலில் குறுக்கே கோடு போட்டால் 'பெர்' என்று விரிக்க வேண்டும். நம் ஊர்ப் பழைய நிலப் பத்திரங்களில் வருடத்துக்கு ௵ என்றும், மாதத்துக்கு ௴ என்றும் எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முதல் பதிலில் சொன்ன 'ஏர்லி இங்கிலிஷ் டெக்ஸ்ட் சொசைட்டி'யின் பதிப்பாசிரியர்கள் இச்சுருக்கங்களை விரித்து அச்சிடும்போது, தாம் சேர்த்த எழுத்துகளை மட்டும் சாய்வெழுத்தில் தருவதை வழக்கமாகக் கொண்டார்கள். 'இந்த எழுத்து சுவடியில் இல்லை, நான் விரித்தது' என்ற வாக்குமூலம் அது. சொல்லின் நடுவே ஒற்றை எழுத்து மட்டும் சாய்ந்திருப்பதை ஒரு தட்டச்சர் விட்டுவிட்டால், அந்த வாக்குமூலம் அழிந்து, பதிப்பாசிரியரின் ஊகம் துறவியின் எழுத்தாகிவிடுகிறது.

'சாய்வு' என்று மட்டும் பதிந்தாலும் போதாது. இத்தகைய பதிப்புகளில் இலத்தீன் மேற்கோள்களும் சாய்வெழுத்தில் வரக்கூடும். தோற்றம் ஒன்று, பொருள் இரண்டு. ஆகவே முன்னதற்கு 'பதிப்பாசிரியரின் விரிவு' என்றும், பின்னதற்கு 'இலத்தீன் தொடர்' என்றும் தனித்தனி டேக் இட வேண்டும். யார் செய்தது என்பதைக் குறிக்கவும் டி.இ.ஐ.யில் இடம் உண்டு. சுருக்கத்தை எழுதியவர் மைக்கேல், விரித்தவர் மாரிஸ், டேக் இட்டவர் இன்னார் என்று மூவரையும் பதிந்து வைக்கலாம்.

நீங்கள் தமிழாசிரியர் என்பதால் மேலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் ஓலைச் சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கும், ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். அச்சுப் புத்தகத்தில் நாம் பார்க்கும் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பதிப்பாசிரியர் யோசித்து வைத்தது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் எத்தனை ஆயிரம் இடங்களில் அப்படி முடிவெடுத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை புள்ளிகளையும் சாய்வெழுத்தில் காட்டுவது நடவாத காரியம். நம் அச்சில் அந்த வழக்கம் ஏற்படவில்லை. மைக்கேலின் நூலில் சாய்ந்த 'என்' ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம், யார் வைத்தது என்று தெரியாமல் நிற்கும் நம் புள்ளிகள் என் நினைவுக்கு வரும்.

கேள்வி: அச்சில் தெளிவாகத் தெரியும் பிழையைத் திருத்திவிடலாமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அழிக்கக் கூடாது. அச்சில் உள்ளதையும், சரியென நாம் கருதுவதையும் பக்கத்தில் பக்கத்தில் பதிய வேண்டும். படிப்பவர் வேண்டியதை எடுத்துக்கொள்வார். பிழை போலத் தெரிவதெல்லாம் பிழையும் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் ஓர்ம் என்ற துறவி எழுதிய 'ஓர்முலம்' என்ற நற்செய்தி விளக்க நூலில், குறில் உயிருக்குப் பின்வரும் மெய்யை அவர் இரட்டித்தே எழுதுகிறார். படிப்பவர் குறிலை நெடிலாக இழுத்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. அவருக்குப் பின் வேறு யாரும் கைக்கொள்ளாத அந்த எழுத்துமுறையால்தான் அக்கால உச்சரிப்பைப் பற்றி இன்று இவ்வளவு தெரிகிறது. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளை அந்தக் கோப்பின்மேல் ஓட விட்டால் அத்தனையும் போய்விடும்.

கேள்வி: காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலக் கிறித்தவ நூல்களுக்கு உழைத்ததற்குப் பதில், நம் திருமுறைகளுக்கு உழைத்திருக்கலாமே?
- வாசகர், திருவாவடுதுறை

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கற்ற வித்தை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதாக நின்றுவிடாது. நம் கடற்கரைத் தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்கள். அச்சுக்கலை பிறகு எல்லாச் சமயத்து நூல்களுக்கும் பயன்பட்டது. தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் பணியும் நடந்துகொண்டுதான் இருக்கிறது: மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தேவாரத்தை 2007இல் மின்வடிவில் வெளியிட்டது.

எங்கள் பங்குக்கு, நானும் உடன் வேலை பார்த்த இருவரும் சனிக்கிழமை மாலைகளில் தருமபுர ஆதீனத்தின் தேவாரப் பதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டு, பொழிப்புரை, குறிப்புரை ஆகியவற்றுக்கு டேக் இட்டுப் பழகிவருகிறோம். மாரிஸின் ஓரக்குறிப்புகளில் கற்ற பாடம் பொழிப்புரைக்கு அப்படியே பொருந்தியது. ஆனால் சம்பந்தரின் முதல் பதிகத்தின் தலைப்பில் உள்ள பண்ணின் பெயருக்கு வந்தபோது தயங்கி நின்றோம். அதற்கு யாரைப் பொறுப்பாகக் குறிப்பது? பாடியவரையா, தொகுத்தவரையா, பண் வகுத்தவரையா, அச்சிட்டவரையா? இரண்டு சனிக்கிழமைகள் பேசியும் முடிவாகவில்லை. அந்த டேக்கில் பொறுப்பாளர் பெயருக்கு உரிய இடத்தை இப்போதைக்குக் காலியாகவே விட்டிருக்கிறோம்.